பிஆர் காட் முடிந்தபின் கனடா திரும்பியபோது கற்றவை

எங்கள் வீடு ஸ்காபரோவில். மனைவி பிறந்து வளர்ந்த வீடு கொக்குவிலில். மாமிக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இயங்காமல் போன செய்தி கிடைத்ததும் மனைவி யாழ்ப்பாணம் போய்விட்டார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு நானும் போய்ச் சேர்ந்தேன். தாயைத் தூக்கி இருத்தி, உடுப்பு மாற்றி, கரண்டியால் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தவரிடம் "காட் முடியப்போகுது, வெளிக்கிடு" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் வந்திருக்கமாட்டார். மாமி காலமாகி, அந்தியேட்டியும் முடிந்து, நாங்கள் திரும்ப நினைத்த நேரத்தில் மனைவியின் நிரந்தர வதிவிட அட்டை, அதாவது எங்கள் பேச்சில் பிஆர் காட், முடிந்து பல மாதங்களாகியிருந்தன.

நான் கனடியக் குடிமகன். கனடியக் கடவுச்சீட்டோடு எந்த நாளும் விமானம் ஏறலாம். மனைவியிடம் இருந்தவை இலங்கைக் கடவுச்சீட்டும் திகதி கடந்த அந்த அட்டையும்தான். யாழ்ப்பாணத்தில் ரிக்கற் போடும் தம்பி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, உங்களுக்கு இப்பவே போடலாம். அக்காவுக்குப் போட்டாலும் கட்டுநாயக்காவில ஏத்தமாட்டாங்கள்." வீடு வந்து சேரும்வரை மனைவி ஒன்றும் பேசவில்லை. விறாந்தையில் இருந்த பிறகுதான் கேட்டார்: "இஞ்சாருங்கோ, அப்ப எனக்கு இனிக் கனடா இல்லையோ?"

அந்தக் கேள்விக்குச் சரியான பதிலைத் தேடி நாங்கள் அறிந்துகொண்டவற்றையும் செய்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். தாய் தகப்பனைப் பார்க்க ஊருக்குப் போய் இதே இடத்தில் நிற்பவர்கள் எங்கள் சனத்தில் நிறையப் பேர். அவர்களில் சிலர் பயத்தில் எடுத்த முடிவால் உண்மையிலேயே வதிவிட உரிமையை இழந்திருக்கிறார்கள். அந்த இழப்பு அநேகமாகத் தவிர்க்கக்கூடியது.

அட்டை வேறு, வதிவிட உரிமை வேறு

முதலில் மனத்தில் பதியவேண்டியது இது. அட்டையில் உள்ள திகதி அட்டைக்குரியது. அந்த நாள் வந்ததும் நிரந்தர வதிவிட உரிமை தானாக இல்லாமல் போகாது. கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 46ஆம் பிரிவு அந்த உரிமை எப்படிப் போகும் என்று வரிசைப்படுத்துகிறது. குடியுரிமை எடுத்தால் போகும். வதிவிடக் கடமையை நிறைவேற்றவில்லை என்று அதிகாரி எடுத்த முடிவு மேன்முறையீட்டையும் தாண்டி இறுதியானால் போகும். நாட்டைவிட்டு வெளியேறும்படி இடப்பட்ட கட்டளை அமுலுக்கு வந்தால் போகும். நீங்களே விருப்பத்தோடு துறந்தால் போகும். அட்டை முடிந்தால் போகும் என்று அங்கே ஒரு வரியும் இல்லை.

அப்படியென்றால் ஏன் விமானத்தில் ஏற்றமாட்டார்கள்? அதே சட்டத்தின் 31ஆம் பிரிவில் அதற்குப் பதில் இருக்கிறது. கனடாவுக்கு வெளியே நிற்கும் ஒருவர் வதிவிடத்தைக் காட்டும் செல்லுபடியான ஆவணத்தைக் காட்டாவிட்டால், ஓர் அதிகாரி வேறுவிதமாகத் தீர்மானிக்கும்வரை, அவருக்கு வதிவிடம் இல்லை என்றே கருதப்படும். உரிமை இருக்கிறது, ஆனால் வெளியில் நிற்கும்போது அதைக் காட்டி நிரூபிக்கவேண்டியது நாங்கள். சரியான ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிக்கொண்டுவந்தால் விமான நிறுவனம் கட்டணமும் கட்டி, அவரைத் திருப்பிக் கொண்டுபோகவும் வேண்டும். ஆகவே கட்டுநாயக்காவில் கவுண்டரில் நிற்பவரோடு வாதாடிப் பயனில்லை. அவர் உங்கள் வதிவிடத்தை மறுக்கவில்லை. அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவருக்குத் தரப்படவில்லை.

பழைய ஆட்களுக்கு இது விளங்காமலிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்து இறங்கியவர்களுக்கு அட்டை என்று ஒன்று இருக்கவில்லை. கையில் கிடைத்தது வந்திறங்கிய பதிவுத் தாள். அட்டை 2002 ஜூன் 28இல்தான் அறிமுகமானது. 2003 டிசம்பர் 31இலிருந்து விமானம், பஸ், ரயில், கப்பல் என்று கட்டணம் வாங்கி ஏற்றும் எந்த வாகனத்தில் கனடா திரும்பவும் அது கட்டாயமானது. "முந்தி நான் தாளோட போய் வந்தனான்" என்று பெரியவர் ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருடைய அனுபவம் இன்றைக்கு உதவாது.

எங்களுக்குக் கிடைத்த நான்கு ஆலோசனைகள்

செய்தி பரவியதும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். ஒவ்வொன்றையும் விசாரித்தோம்.

முதலாவது, ஸ்காபரோவிலிருக்கும் மகன் சொன்னது. "அப்பா, இஞ்ச எங்கட அட்ரசில அம்மாவின்ர காட்டைப் புதுப்பிக்கப் போட்டுவிடட்டோ? வந்தவுடன கூரியரில அனுப்பிவிடுறன்." அன்போடு சொன்னான், ஆனால் அது வழியல்ல. அட்டை கனடாவில் இருப்பவருக்கே வழங்கப்படுவது. கனடிய விலாசத்துக்கு மட்டுமே அனுப்பப்படுவது. வெளிநாட்டில் இருந்துகொண்டு உள்ளே இருப்பதாகக் காட்டி விண்ணப்பிப்பது பொய்த் தகவல். பொய்த் தகவலுக்குச் சட்டத்தின் 40ஆம் பிரிவு ஐந்தாண்டுத் தடைவரை கொண்டுபோகும். அட்டை முடிந்தது சின்னப் பிரச்சினை. இப்படிச் செய்தால் அது பெரிய பிரச்சினையாகிவிடும்.

இரண்டாவது, ஒரு முகவர் சொன்னது: வதிவிடத்தைத் துறப்பதாகக் கையெழுத்து வைத்துவிட்டு விசிட்டர் விசா எடுத்துக்கொண்டு வாருங்கள், பிறகு கணவர் மறுபடி ஸ்பொன்சர் செய்யலாம். கேட்கச் சுலபமாக இருக்கும். நிரந்தர வதிவிடம் உள்ளவருக்கு விசிட்டர் விசா தரமாட்டார்கள் என்பதால் துறக்கவேண்டும் என்று அவர் சொன்ன காரணமும் சரிதான். ஆனால் துறந்த கையெழுத்தை மீளப் பெற முடியாது. விசிட்டர் விசா கிடைக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. கனடாவில் வீடும் கணவரும் பிள்ளையும் உள்ள ஒருவரைத் திரும்பிப் போவார் என்று விசா அதிகாரி நம்புவது கடினம். நாட்கள் போதுமான அளவில் இருக்கும் ஒருவர் இந்த வழிக்குப் போகவே தேவையில்லை.

மூன்றாவது, அமெரிக்கா வழியாகத் தரைமார்க்கமாக வருவது. இதில் சட்டப்படி உண்மை இருக்கிறது. கனடாவின் எல்லைக்கே வந்துவிட்ட ஒருவர் நிரந்தர வதிவாளர் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் உள்ளே விடவேண்டும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. பஃபலோவில் இறங்கி, உறவினரின் காரிலோ வாடகைக்கு எடுத்த காரிலோ பீஸ் பாலத்தால் ஃபோர்ட் ஈரிக்கு வரலாம். டெட்ராயிட்டிலிருந்து அம்பாசடர் பாலத்தால் வின்ட்சருக்கு வரலாம். சொந்தப் பாவனைக்கான காராக இருக்கவேண்டும். பஸ்ஸும் ரயிலும் விமானத்தைப் போலவே அட்டை கேட்கும். முடிந்த அட்டை, வதிவிடம் உறுதிசெய்யப்பட்ட தாள், கடவுச்சீட்டு எல்லாம் கையில் வேண்டும். ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு அமெரிக்க விசா ஏற்கெனவே இருந்தால்தான் இந்த வழி. மனைவியிடம் அது இல்லை. ஆகவே எங்களுக்கு அது மூடிய கதவு. விசா இருப்பவர்கள் யோசிக்கலாம்.

நான்காவதுதான் நேர்வழி: நிரந்தர வதிவாளருக்கான பயண ஆவணம். செல்லுபடியான அட்டை இல்லாமல் வெளியில் நிற்பவர்கள் கனடா திரும்புவதற்கென்றே வைக்கப்பட்ட ஏற்பாடு அது. பொதுவாக ஒரு தடவை உள்ளே வருவதற்கானது. கடவுச்சீட்டின் பக்கத்தில் விசாவைப் போல ஒட்டித் தருவார்கள். அரசுக் கட்டணம் 50 கனடிய டொலர். கடவுச்சீட்டை ஒப்படைக்கும் நிலையத்தின் சேவைக் கட்டணம் தனி. 50 டொலர் அலுவலுக்கு லட்சக்கணக்கில் ரூபா கேட்டவர்களையும் நாங்கள் சந்தித்தோம். படிவத்தின் இலக்கம் 5524. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஓரளவு ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் போதும்.

730 நாள் கணக்கு

இந்த விண்ணப்பத்தின் உயிர் ஒரு கணக்கில் இருக்கிறது. விண்ணப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி ஐந்து ஆண்டுகளை எடுத்து, அதற்குள் 730 நாட்கள் கனடாவில் இருந்திருக்கவேண்டும். தொடர்ந்து இருக்கவேண்டியதில்லை. வதிவிடம் கிடைத்து ஐந்து ஆண்டு இன்னும் ஆகாதவர், அந்த ஐந்து ஆண்டு முடிவதற்குள் 730 நாட்களைச் சேர்க்க வாய்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கனடாவில் ஒரு நாளின் ஒரு பகுதியில் நின்றிருந்தாலும் அது ஒரு நாளாகக் கணக்கில் வரும் என்பதால், புறப்பட்ட நாளையும் வந்து இறங்கிய நாளையும் விட்டுவிடாதீர்கள்.

கணவனோ மனைவியோ கனடியக் குடிமகனாக இருந்தால் இன்னொரு ஏற்பாடும் உண்டு. குடிமகனான துணையோடு வெளிநாட்டில் சேர்ந்திருந்த ஒவ்வொரு நாளும் கனடாவில் இருந்த நாளாகவே கணக்கிடப்படும். சட்டப்படி மணம் முடித்தவர்களுக்கும், மணவாழ்க்கை போலச் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் இது பொருந்தும். பெற்றோருடன் இருக்கும் சிறுபிள்ளைக்கும் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. எங்கள் சனத்தில் கணவன் குடியுரிமை எடுத்திருப்பார், மனைவி எடுத்திருக்கமாட்டார். இந்த ஏற்பாடு தெரியாமலே இருவரும் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

மனைவியின் கனடா நாட்கள் மட்டும் 730ஐத் தாண்டியிருந்தாலும் மிச்சம் அதிகமில்லை. நான் கொக்குவிலில் கூட இருந்த நாட்களைச் சேர்த்ததும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போனது. ஒன்றைக் கவனியுங்கள்: நான் போய்ச் சேர்வதற்கு முன் அவர் தனியாக அங்கே இருந்த நாட்கள் இதில் வராது. இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்கள் மட்டுமே வரும். யார் யாரோடு போனார், குடிமகன் கூடப் போனாரா அல்லது பின்னால் போனாரா என்ற கேள்வி சில வழக்குகளில் எழுந்திருக்கிறது. ஆகவே சேர்ந்திருந்த நாட்களை மட்டும் நம்பி நிற்காமல், கனடாவில் இருந்த நாட்களை முதல் தூணாக வைத்து, இதைத் துணைத் தூணாக வைப்பதே பாதுகாப்பு. நாங்கள் எழுதிய கடிதத்தில் அவர் எப்போது போனார், நான் எப்போது போனேன், ஏன் போனோம் என்பதை மறைக்காமல் திகதியோடு எழுதினோம்.

தாள்களைச் சேர்த்த விதம்

படிவம் ஐந்து ஆண்டுகளில் கனடாவை விட்டு வெளியே இருந்த ஒவ்வொரு காலத்தையும் கேட்கும்: எந்த நாள் புறப்பட்டீர்கள், எந்த நாள் திரும்பினீர்கள், எங்கே, எதற்கு. நினைவிலிருந்து எழுதக்கூடாது. மாமியின் பழைய சாப்பாட்டு மேசையில் மனைவியின் பழைய கடவுச்சீட்டையும் புதியதையும் விரித்துவைத்து ஒவ்வொரு முத்திரையாகப் பார்த்தோம். கட்டுநாயக்கா முத்திரைகள் சில மை பரவி, ஒன்றின்மேல் ஒன்று குத்தப்பட்டிருந்தன. மாமி தேவாரம் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியைப் பிடித்து மனைவி திகதியை வாசிக்க, நான் கொப்பியில் எழுதினேன். ஓர் இடத்தில் 3ஆ 8ஆ என்று பிடிபடவில்லை. மின்னஞ்சலில் பழைய ரிக்கற்றைத் தேடி எடுத்த பிறகுதான் அந்த வரியை எழுதினோம்.

கனடா பக்கத்தில் முத்திரையை நம்பமுடியாது. வெளியேறும்போது அங்கே முத்திரை குத்துவதில்லை. திரும்பி வரும்போதும் இயந்திரத்தில் பதிந்துவிட்டு வருபவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆனால் பதிவு இல்லை என்று நினைக்கவேண்டாம். விமானத்தில் வெளியேறுவோரின் விவரம் 2020இலிருந்து எல்லைச் சேவைக்குப் போகிறது. நீங்கள் எழுதும் திகதியை அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஒரு நாள் கூட்டி எழுதிக் கிடைக்கும் லாபத்தைவிட நம்பிக்கை போவதால் வரும் நட்டம் பெரிது.

கனடாவில் வாழ்ந்ததற்குச் சான்றாக நாங்கள் இவற்றை வைத்தோம்: வருமான வரித் திணைக்களத்தின் ஆண்டுக் கணிப்புத் தாள்கள், வேலைத்தலத்தின் ரீ-4 படிவங்கள், வீட்டுக் காப்புறுதிப் பத்திரம், மனைவியின் பெயரில் வந்த தொலைபேசிக் கட்டணச் சிட்டைகள், வங்கிக் கூற்றுகள். இவற்றில் வங்கிக் கூற்று நல்ல சாட்சி. எந்த நாளில் எந்தக் கடையில் மரக்கறி வாங்கினார், எந்த மருந்துக்கடையில் மருந்தெடுத்தார் என்பது அதில் வரிக்கு வரி இருக்கிறது. வரித் தாள்கள் கையில் இல்லையே என்று கவலைப்படவேண்டாம். வரித் திணைக்களத்தின் இணையக் கணக்கில் பழைய ஆண்டுகளுடையதும் இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்தே இறக்கி எடுத்தோம். அந்தக் கணக்கில் நுழையும்போது அது கனடாத் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பி உறுதி கேட்கும் என்பதால், ஊருக்குப் போகும்போது கனடா இலக்கத்தை நிறுத்திவிடாமல் வைத்திருங்கள். அந்த இலக்கம் இல்லாமல் பலர் தடுமாறியிருக்கிறார்கள்.

சேர்ந்து வாழ்ந்ததற்குத் தனிக் கட்டு. என் குடியுரிமைச் சான்றிதழும் கடவுச்சீட்டின் எல்லாப் பக்கங்களின் பிரதியும், விவாகப் பதிவுச் சான்றிதழும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்த அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும், இருவரும் ஒரே விலாசத்தில் வசிப்பதாக விதானையார் தந்த உறுதிப் பத்திரமும் அதில் இருந்தன. அந்தப் பத்திரத்தைப் பிரதேச செயலகத்தில் மேலொப்பமும் வாங்கிக்கொண்டோம். மாமியின் வைத்தியசாலைப் பதிவுகளையும் மரணச் சான்றிதழையும் வைத்தோம். நாட்கள் போதுமாக இருந்தாலும் ஏன் திரும்பவில்லை என்ற கேள்விக்கு அவை பதில்.

விண்ணப்பம் இணையத்தில்தான் போகிறது. தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படமெடுத்து ஏற்றாமல், ஒவ்வொரு விடயத்துக்கும் ஒரே கோப்பாகச் சேர்த்து, முதல் பக்கத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்தோம். கடைசியில் ஒன்றரைப் பக்கக் கடிதம். அதிகாரி உங்கள் கதையை உங்கள் வரிசையில் வாசிக்கவேண்டும், அவரைத் தேடவிடக்கூடாது. புகைப்படம் எடுக்கும்போது ஸ்டூடியோக்காரரிடம் "பாஸ்போட் சைஸ்" என்று மட்டும் சொல்லாமல் விண்ணப்பத்தோடு வரும் அளவுத் தாளைக் காட்டுங்கள். கடவுச்சீட்டு விரைவில் முடியப்போகிறதென்றால் அதை முதலில் புதுப்பியுங்கள். முடியப்போகும் புத்தகத்தில் ஆவணத்தை ஒட்டி வாங்கிப் பயனில்லை.

நாட்கள் குறைந்தவர்களுக்கு

எங்களுக்கு நாட்கள் இருந்தன. இல்லாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். 730 நாள் இல்லை என்பதாலேயே எல்லாம் முடிந்ததாக நினைக்கவேண்டாம். மனிதாபிமானக் காரணங்களைப் பார்த்து உரிமையைத் தொடரவிட அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. பிள்ளை சம்பந்தப்பட்டிருந்தால் அதன் நலனையும் அவர் பார்க்கவேண்டும். ஆனால் அந்தக் காரணங்களை விண்ணப்பத்திலேயே, வைத்தியரின் கடிதத்தோடும் திகதிகளோடும் எழுதவேண்டும். கேட்டால் சொல்லலாம் என்று வைத்திருக்கக்கூடாது. பெற்றவரைப் பார்க்க வேறு பிள்ளை இருக்கவில்லையா, கனடாவில் உங்களுக்கு என்ன பிடிப்பு இருக்கிறது, இடையில் திரும்ப முயன்றீர்களா என்ற கேள்விகளுக்கு உங்கள் கடிதம் பதில் சொல்லவேண்டும்.

மறுத்தால் அந்த மறுப்புக் கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்கு மேன்முறையீடு செய்யலாம். மேன்முறையீடு முடியும்வரை வதிவிடம் பறிபோகாது. கடந்த 365 நாட்களுக்குள் ஒரு தடவையாவது கனடாவில் நின்றவர், மேன்முறையீடு நிலுவையில் இருக்கும்போது கனடா திரும்பப் பயண ஆவணம் கேட்கலாம். மறுப்புக் கடிதத்தை அலுமாரியில் வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்து அந்த 60 நாளையும் கடத்தியவர்களை எனக்குத் தெரியும். இந்தக் கட்டத்தில் காசு செலவழித்து ஒரு குடிவரவுச் சட்டத்தரணியைப் பிடிப்பதுதான் புத்தி. எங்களைப்போல் கணக்குத் தெளிவாக உள்ளவர்களுக்கு அது தேவைப்படாது.

பயணம்

பயண ஆவணம் கடவுச்சீட்டில் ஒட்டிக் கிடைக்கும்வரை ரிக்கற் வாங்கவேண்டாம். வாங்கும்போது எந்த நாட்டில் இறங்கி மாறுகிறீர்கள் என்று பாருங்கள். இலங்கைக் கடவுச்சீட்டில் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளிலோ லண்டனிலோ விமானம் மாறுவதற்கே இடைத்தங்கல் விசா தேவை. செல்லுபடியான கனடிய பிஆர் காட் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு. காட் முடிந்தவருக்கு அந்த விலக்கை நம்பமுடியாது. போகும்போது பிராங்போர்ட் வழியாகச் சிரமமில்லாமல் போனவர் திரும்பும்போதும் அப்படியே வரலாம் என்று நினைத்தால் கொழும்பிலேயே மறித்துவிடுவார்கள். நாங்கள் டோஹா வழியாக வந்தோம். அபுதாபி, துபாய் வழியும் அப்படித்தான்: விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவதற்கு விசா தேவையில்லை. முழுப் பயணத்தையும் ஒரே ரிக்கற்றில் போடுங்கள்.

கட்டுநாயக்காவில் கவுண்டரில் இருந்த பிள்ளை பழக்கத்தில் முதலில் பிஆர் காட்டைத்தான் கேட்டார். மனைவி ஒட்டப்பட்ட பக்கத்தைத் திறந்து கொடுத்தார். அவர் பெருவிரலால் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்து, இலக்கத்தைக் கணினியில் அடித்து, மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினார். மேலாளர் திகதியைப் பார்த்தார், தலையாட்டினார், போர்டிங் பாஸ் வந்தது. இந்த ஆவணத்தை அடிக்கடி காணாத ஊழியர் தயங்குவது இயல்பு. நேரத்தோடு போங்கள், சத்தம் போடாமல் நில்லுங்கள், மேலதிகாரியைக் கேளுங்கள்.

பியர்சன் விமான நிலையத்தில் எல்லை அதிகாரி எவ்வளவு காலம் வெளியே இருந்தீர்கள், ஏன் என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒன்றாகவே நின்றோம். தாள்களின் பிரதிகள் கைப்பையில் இருந்தன, பெட்டிக்குள் அல்ல. கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னோம். அட்டையைப் புதுப்பிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். நாட்கள் குறைந்தவர் என்றால் இந்த இடத்தில் அதிகாரி அறிக்கை எழுதக்கூடும். அதன்பேரில் வெளியேறும்படி கட்டளை வந்தால் அதற்கும் மேன்முறையீடு உண்டு. உள்ளே வந்தபின் அதற்குரிய தவணை 30 நாள்.

திரும்பிய பின்பும், போகும் முன்பும்

வந்து களைப்பாறியதும் அட்டைக்கு விண்ணப்பித்தோம். கட்டணம் அதுவும் 50 டொலர். பயண ஆவணத்துக்குச் சேர்த்த அதே கட்டு இங்கேயும் உதவியது. நாட்கள் குறைந்த நிலையில் உள்ளே வந்தவர்கள் உடனே விண்ணப்பிக்காமல், கனடாவில் நின்று 730 நாளைச் சேர்த்தபின் விண்ணப்பிப்பது நல்லது என்று சட்டத்தரணிகள் சொல்வார்கள். அவசரப்பட்டுப் போடும் விண்ணப்பமே விசாரணையைத் தொடக்கிவிடலாம்.

ஊருக்குப் போகும் எண்ணம் இருப்பவர்கள் அட்டை முடிய ஒன்பது மாதத்துக்குக் குறைவாக இருந்தாலே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். வயதான பெற்றோர் ஊரில் இருப்பவர்கள் அந்த ஒன்பதாவது மாதத்தைத் தவறவிடவேண்டாம். செய்தி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒன்ராறியோவில் இருப்பவர்கள் சுகாதார அட்டையையும் யோசிக்கவேண்டும். எந்தப் 12 மாதத்திலும் 153 நாள் மாகாணத்தில் இருக்கவேண்டும் என்பது அதன் விதி. பிஆர் நாட்களுக்கு உதவும் 'துணையோடு இருந்த நாள்' கணக்கு இங்கே உதவாது.

குடியுரிமை எடுத்தால் இந்தக் கவலையே இல்லை என்று பலர் சொல்வார்கள். ஐந்து ஆண்டில் 1,095 நாள் கனடாவில் இருந்தவர் விண்ணப்பிக்கலாம். 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மொழித் தேர்வும் அறிவுத் தேர்வும் இல்லை. ஆனால் இதற்கும் துணையோடு ஊரில் இருந்த நாட்கள் கணக்கில் வராது. மனைவி எடுக்காமல் இருந்ததற்கும் காரணம் உண்டு. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இலங்கைக் குடியுரிமை தானாக நின்றுவிடும். இரட்டைக் குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும். தாய் வீட்டுக் காணி உறுதி அவர் பெயரில் எழுதப்படும்வரை அதில் கைவைக்க அவர் விரும்பவில்லை. இப்படி நியாயமான காரணத்தோடு பிஆராகவே இருப்பவர்கள், குடிமக்களுக்குத் தேவைப்படாத ஓர் ஒழுங்கைப் பழகிக்கொள்ளவேண்டும்: போன நாள், வந்த நாளை ஒரு கொப்பியில் எழுதிவைப்பது, பழைய கடவுச்சீட்டை எறியாமல் வைப்பது, ஆண்டுதோறும் வரி தாக்கல் செய்வது.

படுக்கையில் கிடக்கும் தாயை விட்டு அட்டைக்காக ஓடிவர வேண்டிய தேவையைச் சட்டம் யார்மீதும் வைக்கவில்லை. அவரைப் பார்த்து முடித்துத் திரும்பி வருவதற்கு வழியும் வைத்திருக்கிறது. அந்த வழியில் நடக்கத் தேவை உண்மையான திகதிகளும், அவற்றைக் காட்டும் தாள்களும், கொஞ்சம் பொறுமையும். உங்கள் வீட்டிலும் அட்டை முடிந்து ஒருவர் ஊரில் நின்றால், முதலில் நாட்களை எண்ணுங்கள், பிறகு பயண ஆவணத்துக்கு விண்ணப்பியுங்கள். யார் எவ்வளவு வற்புறுத்தினாலும் வதிவிடத்தைத் துறக்கும் படிவத்தில் மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள்.